தூத்துக்குடியில் இரண்டு நாள்: பனிமய மாதா கோயிலும் கடற்கரைக் கோயில்களும். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கோவை ஜோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் அம்மா, பெரியம்மா, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் மூவரையும் அழைத்துக்கொண்டு தூத்துக்குடி வருகிறோம். கையில் இரண்டு முழு நாள் இருக்கிறது. பனிமய மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. அதோடு சின்னக்கோயில், மணப்பாடு, உவரி, புன்னைக்காயல், காமநாயக்கன்பட்டி, வீரபாண்டியன்பட்டினம் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏறி இறங்குவது சிரமம். மகனுக்கு வரலாறு என்றால் உயிர், ஒவ்வொரு கல்லுக்கும் கேள்வி கேட்பான். இவ்வளவையும் இரண்டு நாளில் முடிக்க முடியுமா? இல்லை, பேசாமல் ஆகஸ்ட் திருவிழாவுக்கே வந்துவிடலாமா? ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

உப்பளத்துக் காற்று எழுதியது:

காமநாயக்கன்பட்டியை முதலில் எடுத்துவிடுங்கள் அண்ணா. பரலோக மாதா கோயில் அருமையான இடம், வீரமாமுனிவர் பணி செய்த ஊர், எல்லாம் சரி. ஆனால் அது கோவில்பட்டிப் பக்கம், உள்நாடு. கடற்கரை வழியோடு சேராது. கோவையிலிருந்து மதுரை வழியாகக் காரில் வருவதென்றால் வரும்போதோ போகும்போதோ வண்டியைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

பரதவன் மகன் எழுதியது:

ஜோ தம்பி, ஏழு கோயிலை இரண்டு நாளில் பார்த்துவிடலாம், ஒன்றும் தடையில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு எந்தக் கோயில் எது என்று அம்மாவுக்கு நினைவிருக்காது. என் யோசனை, ஒரு நாள் முழுக்கத் தூத்துக்குடி, ஒரு நாள் முழுக்க மணப்பாடு. மற்றதெல்லாம் வழியில் அமைந்தால் பாருங்கள், அமையாவிட்டால் விடுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இந்தக் கடற்கரைக் கோயில்களைக் கட்டிடமாக மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். கடலில் தொழில் செய்தவர்களின் கோயில்கள் இவை. 1530-களில் முத்துக்குளித்துறை என்ற இந்தக் கரையின் கடல்தொழில் மக்களான பரதவர்கள், முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) தொடர்பான சண்டையில் நெருக்கப்பட்டுப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். அதோடு சேர்ந்துதான் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. இயேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தது 1542-இல். அதாவது அவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். செபம் சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை. சவேரியார் வந்து உதவியாளர்களை வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் எழுதி, மனப்பாடம் செய்து, தெருத் தெருவாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். உங்கள் மகனுக்கு இதைச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் அழைத்துப் போங்கள், அவன் பார்க்கிற விதமே மாறிவிடும்.

பனிமய மாதா கோயிலைத்தான் நாங்கள் பெரிய கோயில் என்போம். இப்போது நிற்கிற அந்தக் கோயிலுக்கு 1712-இல் அடிக்கல் போட்டவர் விஜிலியுஸ் மான்சி என்ற இயேசு சபைச் சாமியார். அடுத்த ஆண்டே அர்ச்சிப்பு (புனிதப்படுத்தும் சடங்கு) நடந்தது. அந்தச் சமயத்தில் தூத்துக்குடி யார் கையில் இருந்தது தெரியுமா? டச்சுக்காரர் கையில். 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்தவர்கள் அவர்கள். புராட்டஸ்டண்ட் ஆட்சியின் கீழே கத்தோலிக்க மக்கள் இவ்வளவு பெரிய கோயிலை எழுப்பினார்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. அந்த இடைக்காலத்தில் மாதா சுரூபத்தை (சிலையை) வெளியே கொண்டுபோய் மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள் என்பது எங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்வது. 1982-இல் இரண்டாம் ஜான் பால் திருத்தந்தை இதை பசிலிக்கா என்ற சிறப்பு நிலைக்கு உயர்த்தினார்.

கோயிலிலிருந்து ஐந்து நிமிடம் கடற்கரைச் சாலையில் நடந்தால் கடல். பூசை முடிந்ததும் அம்மாவை அங்கே கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். அதற்குக் காசும் வேண்டாம், படியும் ஏற வேண்டாம்.

பாளை டீச்சர் எழுதியது:

பரதவன் மகன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டச்சுக்காரர்கள் தங்களுக்காக 1750-இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயமும் தூத்துக்குடியில்தான் இருக்கிறது. இப்போது சி.எஸ்.ஐ. சபையிடம் உள்ளது. கத்தோலிக்கக் கோயில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பெரிய கோயிலைப் பார்த்த அதே நாளில் அதையும் பார்த்தால், ஒரே ஊரில் ஆள்பவர்களும் மக்களும் வேறு வேறு சபையாக வாழ்ந்த காலம் கண்ணுக்குத் தெரியும். என் மாணவர்களை அழைத்துப் போகும்போது இரண்டையும் சேர்த்துத்தான் காட்டுவேன்.

சின்னக்கோயில் என்று நாங்கள் சொல்வது திரு இருதயப் பேராலயம், ஆயரின் தலைமைக் கோயில். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-இல் அமைந்தது. முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை. நவீன காலத்தில் இலத்தீன் (ரோமன்) வழிபாட்டு முறையில் ஒரு மறைமாவட்டத்துக்கு ஆயரான முதல் இந்தியர் அவர். நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள்.

முத்துநகர் ராணி எழுதியது:

திருவிழா பற்றி யாரும் பேசவில்லையே! ஜோ அண்ணா, தயவுசெய்து ஆகஸ்டில் வாருங்கள். ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருநாள். கொடி ஏறும்போது புறாக்களைப் பறக்க விடுவார்கள், துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களின் சங்கு ஒலிக்கும். அதைக் கேட்டால் உடம்பெல்லாம் சிலிர்க்கும். பத்து நாளும் ஊரே வேறு மாதிரி இருக்கும். இந்துக்களும் முஸ்லிம்களும் குடும்பத்தோடு வந்து மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஆகஸ்ட் 5 மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். சப்பரம் தெருவில் வரும்போது மாதாவைப் பார்ப்பது பீடத்தில் பார்ப்பது போல இல்லை. நம் வீட்டு வாசலுக்கே வருகிறாள் அல்லவா!

உப்பளத்துக் காற்று எழுதியது:

ராணி அக்கா சொல்வது உண்மைதான். ஆனால் மூட்டு வலி உள்ள அம்மாவோடு ஆகஸ்ட் 5 மாலையில் கோயில் பக்கம் வருவது பற்றி நன்றாக யோசியுங்கள். நெரிசல், வெக்கை, வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். விடுதி அறைகளும் வெகு முன்பே நிரம்பிவிடும். திருவிழாதான் வேண்டும் என்றால் நடுவில் ஒரு வார நாள், காலைப் பூசைக்கு வாருங்கள். கொடி, அலங்காரம், பாட்டு எல்லாம் இருக்கும், அம்மா உட்காரவும் இடம் கிடைக்கும்.

கோவை ஜோ எழுதியது:

தங்கத்தேர் என்று சொல்கிறார்களே, அது ஒவ்வொரு வருடமும் வருமா? அம்மா அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பரதவன் மகன் எழுதியது:

இல்லை தம்பி. தங்கத்தேர் அபூர்வம். முதல் ஓட்டம் 1806-இல். அதற்குப் பிறகு முக்கியமான ஆண்டுகளில் மட்டும்தான் ஓடியிருக்கிறது. கோயிலின் 300-ஆம் ஆண்டான 2013-இல் ஓடியது. மறைமாவட்டத்தின் நூற்றாண்டு வந்த 2023-இல் ஓடியது. மற்ற வருடங்களில் சப்பர பவனிதான். தங்கத்தேரைப் பார்த்தாக வேண்டும் என்றால் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அம்மாவின் வயதை வைத்துச் சொல்கிறேன், அதற்காகப் பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள். மாதா தேரில் இருந்தாலும் பீடத்தில் இருந்தாலும் அதே மாதாதான்.

ஏடு புரட்டி எழுதியது:

வரலாறு பிடித்த பையன் வருகிறான் என்றதால் இதை எழுதுகிறேன். சவேரியார் கேட்டுக்கொண்டபடி மணிலாவில் ஒரு கன்னியர் மடத்திலிருந்து சாந்தா ஹெலேனா என்ற கப்பலில் 1555-இல் மாதா சுரூபம் தூத்துக்குடி வந்தது என்பது கோயில் மரபு. ஆனால் ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸில் குடியேறத் தொடங்கியது 1565-இல், மணிலாவில் தங்கள் நகரத்தை அமைத்தது 1571-இல். அப்படியானால் 1555-இல் மணிலாவில் சுரூபம் செய்து அனுப்பும் கன்னியர் மடம் எப்படி இருந்திருக்கும்? ஆண்டு தவறா, ஊர் தவறா? பக்தியைக் குறைக்க இதைக் கேட்கவில்லை. இவ்வளவு பழமையான சுரூபத்தின் வரலாறு சரியாக எழுதப்பட வேண்டும் என்ற அக்கறையில் கேட்கிறேன்.

முத்துநகர் ராணி எழுதியது:

எங்கள் பாட்டி சொன்னது, பாட்டிக்கு அவர்கள் பாட்டி சொன்னது. நீங்கள் ஆண்டுக் கணக்குப் பார்க்கிறீர்கள். இந்த ஊர் பார்த்த புயல், சண்டை, பஞ்சம் எல்லாவற்றிலும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போய் வந்தார்கள். எனக்கு அது போதும்.

பாளை டீச்சர் எழுதியது:

இரண்டு பேரும் சொல்வது வேறு வேறு விஷயம், சண்டை வேண்டாம். ஏடு புரட்டியின் கேள்வி நியாயமானது. 1571 என்பது சந்தேகமில்லாத ஆண்டு. கடல்வழி மலாக்கா, கோவா என்று பல துறைமுகங்கள் தொட்டு வந்த காலம் அது. கிழக்கிலிருந்து வந்த கப்பலின் நினைவு பின்னாளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய துறைமுகத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே. ஜோ, உங்கள் மகனிடம் இந்தக் கேள்வியை அப்படியே கொடுங்கள். ஒரு மரபையும் ஓர் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவன் வயதில் கற்றுக்கொள்வது பெரிய விஷயம்.

மன்னார்த் தீவான் எழுதியது:

நான் இலங்கை மன்னாரில் இருந்து எழுதுறன். உங்கட கரைக்கும் எங்கட கரைக்கும் நடுவில கடல் மட்டும்தான். 1544-இல சவேரியார் தன்னுடைய ஆளை மன்னாருக்கு அனுப்பினவர். ஞானஸ்நானம் பெற்ற சனத்தை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொன்று போட்டான். அந்த வேதசாட்சிகளின் நினைவாகத் தோட்டவெளியில கோயில் இருக்கு. தூத்துக்குடிக்கு வரும்போதெல்லாம் எனக்கு அந்நிய ஊருக்கு வந்த மாதிரியே இருக்காது. ஜோ அண்ணை, மணப்பாட்டை விடாமப் பாருங்கோ.

பரதவன் மகன் எழுதியது:

மன்னார் நண்பர் சொன்ன பிறகு மணப்பாட்டைப் பற்றி விரிவாக எழுதாமல் இருக்க முடியவில்லை.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் 40 கிலோமீட்டர். அங்கிருந்து குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. மொத்தம் 60 கிலோமீட்டர் போல வரும். ஊருக்குள் நுழையும்போதே கடலுக்குள் நீண்ட ஒரு மணல்மேடும் அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயிலும் தெரியும். 1540 வாக்கில் புயலில் சிக்கிய ஒரு போர்த்துகீசியக் கப்பலின் தலைவன், உயிர் பிழைத்தால் கரையில் சிலுவை நடுவேன் என்று நேர்ந்துகொண்டு, உடைந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து இந்த மேட்டில் நட்டான் என்பது ஊர் வரலாறு. இரண்டு ஆண்டு கழித்து வந்த சவேரியார் அந்த மேட்டுக்குக் கீழே கடலைப் பார்த்திருக்கும் குகையில் தங்கினார். கோயில் கட்டப்பட்டது 1581-இல். இயேசுவின் சிலுவையிலிருந்து எடுத்ததாகப் போற்றப்படும் மரத்துண்டு அங்கே இருக்கிறது. செப்டம்பர் 14 திருநாளுக்கு மக்கள் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள்.

குகைக்குள் ஒரு கிணறு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர்! உங்கள் மகன் கட்டாயம் கேள்வி கேட்பான். மணல்மேட்டில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் தனியாகத் தங்கி நிற்கும். கடற்கரை ஊர்களில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்ததெல்லாம் இப்படித்தான். இது தெரிந்த பிறகும் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளும்போது எனக்குப் பக்தி குறைந்ததில்லை.

இன்னொன்றும் அவனுக்குச் சொல்லுங்கள். 1544 ஜூனில் வடுகர் (தெலுங்கர்) படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. மக்கள் ஓடிப்போய்க் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஒண்டினார்கள். சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். காற்று எதிராக அடித்தது. துடுப்புப் போட்டும் முடியவில்லை, கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் முடியவில்லை. திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு தரை வழியாகப் போய் அவர்களைப் பார்த்தார். உடன் பணி செய்த மான்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்களில் இந்த விவரமெல்லாம் இருக்கிறது. புனிதர் என்றால் புதுமை செய்தவர் என்றே சிறுவர்களுக்குச் சொல்கிறோம். எனக்கு அந்த எதிர்காற்றில் தோணி தள்ளிய மனிதரைத்தான் மிகவும் பிடிக்கும். மணப்பாட்டு மேட்டில் நின்று தெற்கே பார்த்தால் அந்தக் கடல்வழி அப்படியே முன்னால் கிடக்கிறது.

உப்பளத்துக் காற்று எழுதியது:

அருமை அண்ணா. நடைமுறைக்கு ஒன்று. மேட்டுக் கோயில் வரை அம்மா போய்விடலாம், குகைக்கு மட்டும் படி இறங்க வேண்டும். பெரியவர்களைக் கோயில் முன்னால் உட்கார வைத்துவிட்டு நீங்களும் மகனும் மட்டும் இறங்குங்கள். நண்பகலில் போகாதீர்கள், மணல் சூடு தாங்காது. காலை ஏழு மணிக்கே தூத்துக்குடியிலிருந்து கிளம்பிவிட்டால் நல்லது. கீழே ஊருக்குள் யாகப்பர் கோயிலும் பரிசுத்த ஆவி கோயிலும் இருக்கின்றன, அவற்றையும் விடாதீர்கள். மற்றொரு பக்கம் கருமேனியாறு கடலில் சேரும் இடம். ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் முடையும் பெட்டிகள் கிடைத்தால் வாங்குங்கள், அவ்வளவு நேர்த்தி. திரும்பும்போது உடன்குடியில் கருப்பட்டி. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு அது.

செப்டம்பர், அக்டோபரில் வருபவர்கள் குலசேகரன்பட்டினம் தசரா தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அந்தச் சாலையில் வண்டி நகராது. திருச்செந்தூர் சஷ்டிக்கும் அப்படித்தான்.

நாகர்கோவில் பையன் எழுதியது:

உவரியை ஏன் ஒதுக்குகிறீர்கள்? மணப்பாட்டிலிருந்து தெற்கே முக்கால் மணி நேரம்தான். அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள், அசனத்தில் (பொது விருந்தில்) உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். கப்பல் வடிவத்தில் கட்டிய கப்பல் மாதா கோயில் சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

பரதவன் மகன் எழுதியது:

உவரி மேல் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை தம்பி. ஆனால் உவரிக்கு வருகிறவர்கள் ஓர் இரவாவது தங்குவார்கள். நோயோடும் கடனோடும் குடும்பத் துக்கத்தோடும் வருகிற மக்கள், அந்தோனியாரிடம் அழுது தீர்த்துவிட்டுப் போவார்கள். அங்கே காரை நிறுத்தி, அரை மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவது எனக்கு ஒப்பவில்லை. ஜோ குடும்பத்துக்கு இன்னொரு நாள் கிடைத்தால் அந்த நாளை முழுக்க உவரிக்கே கொடுக்கட்டும்.

கோவை ஜோ எழுதியது:

உவரியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன். அப்புறம் இரண்டு சின்னக் கேள்வி. கோயிலுக்குள் படம் எடுக்கலாமா? தூத்துக்குடியில் கோயில் தவிர மகனுக்கு என்ன காட்டலாம்?

முத்துநகர் ராணி எழுதியது:

பூசை நேரத்தில் படம் வேண்டாம். மற்ற நேரத்தில் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். முழந்தாளிட்டுச் செபிக்கிறவர்களின் முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். போன வருடம் என் அத்தை கண்ணீரோடு செபித்துக்கொண்டிருந்ததை யாரோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு வருத்தம். எங்கள் பக்கம் பெண்கள் முக்காடு போட்டுத்தான் பூசை காண்பார்கள். அம்மாவும் பெரியம்மாவும் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டால் போதும்.

மகனுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுங்கள். முந்திரிப் பருப்பு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு மூன்றும்தான், வாயில் போட்டால் கரைந்துவிடும். ஊருக்கு எடுத்துப் போவதென்றால் காற்றுப் புகாமல் கட்டித் தரச் சொல்லுங்கள். ஈரம் பட்டால் அந்த மொறுமொறுப்புப் போய்விடும்.

உப்பளத்துக் காற்று எழுதியது:

திரேஸ்புரம் பக்கம் அழைத்துப் போங்கள். நாட்டுப்படகுகள், மீன் ஏலம், சங்கு குளிப்பவர்கள் எல்லாம் அங்கேதான். ஞாயிறன்று மட்டும் போகாதீர்கள், பெரும்பாலும் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். ஜனவரி என்பதால் உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஊருக்கு வெளியே உப்பளங்கள் இருக்கின்றன. ஆனால் ஜனவரியில் உப்பு வாருவது பார்க்கக் கிடைப்பது சந்தேகம், மழை ஓய்ந்து அப்போதுதான் பாத்திகளைச் சரி செய்யத் தொடங்குவார்கள்.

ஏடு புரட்டி எழுதியது:

மணப்பாட்டுக்குப் போகிற வழியில் ஆத்தூர் தாண்டி இடது பக்கம் பிரிந்தால் புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கும் ஊர். பார்க்கப் பெரிய கட்டிடம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். அண்ட்ரிக் அடிகளார் என்ற போர்த்துகீசிய இயேசு சபைக் குரு பல பத்தாண்டுகள் இந்தக் கரையில் இருந்து தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற ஞானோபதேச நூலுக்கு உழைத்தவர். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சாகி இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் நூல்களில் அதுதான் மூத்தது. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்களில் இந்தக் கரைப் பரதவர்கள் உண்டு. முத்துக்குளித்துச் சம்பாதித்த காசில் தமிழ் எழுத்து வார்க்கப்பட்டிருக்கிறது! ஜோ, உங்கள் பட்டியலில் இருந்து எதை எடுத்தாலும் இதை எடுக்காதீர்கள்.

கோவை ஜோ எழுதியது:

முத்துக்குளிப்பு இப்போதும் நடக்கிறதா? மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்கிறான்.

பரதவன் மகன் எழுதியது:

இல்லை. 1961-க்குப் பிறகு இங்கே முத்துச் சலாபம் நடக்கவே இல்லை. பார்களில், அதாவது சிப்பி வாழும் கடலடித் திட்டுகளில், சிப்பி குறைந்துபோனதுதான் காரணம். இப்போது குளிப்பவர்கள் சங்குக்காகக் குளிக்கிறார்கள். எங்கள் தெருவில் சங்கு குளிக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். காலையில் படகு ஏறும் முன் பெரிய கோயில் இருக்கும் திசையைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். தம்பி, ஊருக்கு வந்ததும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அவருக்கு நேரம் இருந்தால் உங்கள் மகன் நேரிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.